பெயர் எழுதப்படாத முகங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களைக் கூறுகிறது. அவர்கள் எவ்வூர்த் தளியிலிருந்து வந்தவர்கள், எத்தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தவர்கள் என்பனவும் அதில் உண்டு. போரில் பட்ட வீரனின் பெயரை நடுகல்லில் பொறித்த வழக்கமோ அதனினும் தொன்மையானது. இவ்வாறு கல்லில் பெயரைக் காத்த நாட்டிலே, முகத்தை உள்ளவாறே காட்டவல்ல நிழற்படக் கலை வந்தபின் முகம் நின்றது, பெயர் மறைந்தது. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

1856ஆம் ஆண்டில் சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அலுவலர். அவர் திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டும் 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கியது அவருடைய அரிய பணி. ஆயினும் அவர் காலத்துப் படங்களில் மக்கள் நடமாட்டம் அரிதாகவே தெரிகிறது. அக்காலத்தில் ஒளி பதிய நெடுநேரமாகும். அசையாத தூண் தெளிவாகப் பதியும்; அதன் அருகே நடந்து சென்றவர் தடயமின்றிப் போவார். மன்னர் எழுப்பியது நிலைக்க, மக்கள் மறைந்தமைக்குக் கருவியின் குறையும் ஒரு காரணம் எனலாம்.

பின்னர்க் கருவி விரைவு பெற்றது. பார்வை மாறவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் கொண்ட நூலை 1909இல் வெளியிட்டார். திண்டுக்கல் நாகல் நகரிலும் மதுரையிலும் வாழும் சௌராட்டிர நெசவாளரைப் பற்றிய செய்திகளும் ‘பட்னூல்காரர்’ என்னும் தலைப்பில் அதில் உள்ளன. செய்திச் சுரங்கமாகிய அந்நூலின் படங்களில் மனிதர் நிற்கின்றனர். படத்தின் கீழே பெரும்பாலும் காணப்படுவது சாதிப் பெயரே. தர்ஸ்டன் மக்களின் உயரத்தையும் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தவர். அளக்கப்பட்டவர் யார் என்பதை விட எவ்வகையினர் என்பதே அவருக்கு வேண்டியிருந்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறொருவர் அளந்துகொண்டிருந்தார். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படமெடுத்த லூயிஸ் ஹைன், பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களை அடையாளமாகக் கொண்டு கணித்தார். சட்டைப்பைக்குள் கையை வைத்தபடியே குறிப்பெழுதினார். குழந்தையின் பெயர், வயது, செய்யும் வேலை, ஊர் ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதினார். இன்று அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ள அப்படங்கள், குழந்தை உழைப்பை ஒழிக்கும் சட்டங்களுக்குச் சான்றாகப் பயன்பட்டவை. இருவரும் அளந்தனர், ஒருவர் வகைப்படுத்த அளந்தார், மற்றவர் வழக்காட அளந்தார். இரண்டையும் பிரித்துக் காட்டுவது படத்தின் கீழுள்ள அந்த ஒரு வரியே.

1900ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் ஒரு டாலர் விலையில் ‘பிரவுனி’ என்னும் பெட்டிக் கருவியை விற்கத் தொடங்கியது. அமெரிக்கக் குடும்பங்கள் தம் முற்றத்தையும் அடுக்களையையும் தாமே படமெடுத்தன. நம் நாட்டில் எளியோர் கைக்குக் கருவி வர நெடுங்காலமாயிற்று. எனவே நம் முன்னோர் நிழற்பட நிலையங்களை நாடினர். ஓவியம் தீட்டிய திரைச்சீலை, பூச்சாடி, சாய்வு நாற்காலி, இரவலாகக் கிடைக்கும் மேலங்கி ஆகியவற்றின் நடுவே அவர்கள் நின்றனர். தர்ஸ்டனின் படத்தில் பிறர் அவர்களை நிறுத்தினர். இங்கே அவர்கள் தாமே விரும்பி நின்றனர். அந்தப் பெருமிதம் எள்ளத் தக்கதன்று.

ஆனால் அன்றாட வாழ்வு நிலையத்தின் வாயிலோடு நின்றுவிட்டது. நெசவாளர் புத்தாடை உடுத்துப் படமெடுக்கச் சென்றார். குழித்தறியும் நாடாவும் வீட்டிலேயே இருந்தன. விடியலில் தெருநீளம் பாவு விரித்துக் கஞ்சியிட்ட காட்சி திரைச்சீலையில் இல்லை. எனவே பழைய குடும்பப் படங்களை ஓரங்களில் தேடிப் படிக்க வேண்டியுள்ளது. மேலங்கிக்குக் கீழே தெரியும் செருப்பில்லாத கால்கள், சேலையின் கரை, காய்த்துப்போன விரல்கள், அமர்ந்தவர் யார், நின்றவர் யார் என்பன மறைத்த வாழ்வைப் பேசுகின்றன.

அவ்வாறு படிக்கப் படங்கள் இருக்க வேண்டுமே! கண்ணாடித் தகடுகள் உடைந்தன. பழைய சுருள்கள் வெள்ளி பிரித்தெடுக்க விலைபோயின. நிலையங்கள் மூடப்பட்டபோது எஞ்சியவை குப்பையாயின. 2010களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஜோயி ஹெட்லி முதலியோர், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் தமிழக நிழற்பட நிலையங்களின் ஆயிரக்கணக்கான பழைய படங்களைத் தேடி எண்மப் படிகளாக்கினர். போற்றத்தக்க பணி அது. எனினும் படி எடுக்க எந்திரம் உண்டு. படத்திலிருப்பவரின் பெயரைச் சொல்ல எந்திரம் இல்லை. அதைச் சொல்லவல்லவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரே. அவர் மறையும் நாளில் அவருடைய தாய் ‘யாரோ ஒரு பெண்’ ஆகிவிடுவார்.

இலக்கிய மன்றத்தார்க்கு இதில் ஒரு கடமை உண்டு. வீட்டுச் சுவரிலும் பெட்டியிலும் உள்ள படங்களை முதியோரிடம் காட்டிப் பெயர், ஊர், தொழில், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டறிந்து, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வைத்தல் எவர்க்கும் இயலும் செயலாகும். விழாப் படங்களில் மேடையில் வீற்றிருப்போர் பெயர்கள் அச்சேறுகின்றன. பந்தலிட்டவரும், ஒலிபெருக்கி கட்டியவரும், பின்வரிசையில் குழந்தையுடன் நின்று கவிதை கேட்ட பெண்ணும் அதே படத்தில்தான் உள்ளனர். அவர்தம் பெயர்களையும் உடன் எழுதுக.