வார விடுமுறையில் உருவான ஆசிரியர்கள்



கடந்த மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த பின், ஒரு தந்தை தயங்கியபடி என்னிடம் வந்தார். “டீச்சர், நீங்க மக்தப்ல படிச்சவங்களா, யூனிவர்சிட்டில படிச்சவங்களா?” என்று கேட்டார். இரண்டிலும் என்றேன். வேலை பார்த்துக்கொண்டே பெற்ற பட்டம் என்று அறிந்ததும், “ஓ, அப்படியா” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த ‘ஓ’ என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்கான மறுமொழிதான் இப்பதிவு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்பவர் தொடக்கத்திலிருந்தே வேலைக்கு இடையில் உருவானவர்தாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அது கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கான சட்டம். கெடா அதில் அடங்காது. ஆனால் தோட்டப் பள்ளியின் கதை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. கொட்டகை போடுவது எளிது. ஆசிரியருக்கு எங்கே போவது? கிராணியோ கங்காணியோ எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோ பிரம்பை எடுத்துக்கொண்டு நின்றார். மலாய் ஆசிரியர்களுக்கு 1922இலேயே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழாசிரியர்களுக்கு அப்படியொரு கல்லூரி அன்று இல்லை. 1930களின் பிற்பகுதியில்தான் ‘நார்மல்’ வகுப்புகள் வந்தன. வாரம் முழுவதும் தோட்டத்தில் கற்பித்துவிட்டு, விடுமுறை நாளில் நகரத்திற்குச் சென்று கற்பிக்கும் முறையைக் கற்றனர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. இங்கிலாந்தில் 1846இல் தொடங்கிய மாணவ ஆசிரியர் முறையில், 13 வயதுப் பிள்ளைகள் ஐந்தாண்டுகள் பள்ளியிலேயே பணியாற்றித் தொழில் பழகினர்.

எனக்கு அகரம் எழுதக் கற்பித்தவரும் அத்தகையவரே. ஏழாம் வகுப்பு முடித்து, மாணவ ஆசிரியராகச் சேர்ந்து, சான்றிதழோடு பணி ஓய்வு பெற்றார். நம் லூனாசுக்கு அருகிலுள்ள பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிவிட்டது. ஆனால் ஆறு பிள்ளைகளைப் பெற்ற அவருக்கு அதை எண்ணிப் பார்க்கவும் நேரமில்லை.

பிறகு காலம் விரைந்தது. 1996இல் ஆசிரியர் சான்றிதழ் டிப்ளோமாவாக உயர்ந்தது. மறு ஆண்டு தஞ்சோங் மாலிம் கல்லூரி பல்கலைக்கழகமானது. 11 பொதுப் பல்கலைக்கழகங்களின் கூட்டு நிறுவனம் நிறுவிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2001இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் 50 விழுக்காட்டினர் பட்டதாரிகளாக வேண்டும் என்று ஒன்பதாவது மலேசியத் திட்டம் இலக்கு வைத்தது. பணியிலிருக்கும் பல்லாயிரம் பேரை வகுப்பறையிலிருந்து வெளியேற்றிப் படிக்க அனுப்ப இயலுமா? எனவே கல்வியமைச்சு, பயிற்சிக் கழகங்கள், பல்கலைக்கழகங்கள் மூன்றும் கைகோத்து, பட்டத்தை ஆசிரியரிடமே கொண்டுவந்தன.

டிப்ளோமாவோடு பணியாற்றிய நானும் 2011இல் சேர்ந்தேன். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அவை வகுப்புக்குப் போயின. பினாங்கில் பதிந்துகொண்ட தோழி ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு இருந்தது. அதுவோ இங்கே பள்ளி நாள். அவர் பட்ட பாட்டைத் தனிப் பதிவாகவே எழுதலாம்.

என்ன கற்றேன்? செயலாய்வு என்றொரு பாடம். என் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘பாடம்’ என்பதைப் ‘படம்’ என்றே வாசிப்பான். பத்து முறை எழுது என்பதுதான் அதுவரை நான் அறிந்த மருத்துவம். ஆய்வுக்காக அவனைத் தனியே அமர்த்தி, வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவன் நாவில் குறையில்லை. முதலெழுத்தைக் கண்டதும் சொல்லை ஊகித்துவிடுகிறான், துணைக்காலைப் பார்ப்பதே இல்லை. துணைக்கால்களை மட்டும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் நின்று பார்த்து வாசித்தான். முழுநேரம் படித்திருந்தால் இதை ஏட்டில் படித்திருப்பேன். அந்தப் பையன் என் முன் இருந்திருக்க மாட்டான்.

அந்தத் தந்தையின் ஐயத்தில் உண்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். டிஜிஏ 29இலிருந்து டிஜி 41க்கு உயரும் சம்பளத்திற்காகவே வந்தவர்கள் இருந்தனர். கூலி கொடுத்து இடுபணி எழுதி வாங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். முழுநேர மாணவரிடையே இது இல்லையா என்று கேட்டால் விவாதம் நீளும்.

இன்று நிரந்தர ஆசிரியராகப் பட்டம் வேண்டும். ஆசிரியர் கல்விக் கழகங்களே 2007 முதல் பட்டக் கல்வியை நடத்துகின்றன. அத்தந்தை என்னிடம் அதைக் கேட்டதன் காரணம் பின்னர்தான் தெரிந்தது. அவருடைய மகள் பக்கத்துப் பள்ளியொன்றில் தற்காலிக ஆசிரியை. வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா, வேலையோடு படிப்பதா என்று வீட்டில் ஓயாத பேச்சாம். வரும் வெள்ளிக்கிழமை அவரை அழைத்து வருவதாகக் கூறியிருக்கிறார். என் செயலாய்வுப் பிரதியைத் தூசு தட்டி மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.