கொழுந்தும் சோறும்: உமிழ்வு ஒப்பீட்டில் நாளும் அலகும்

மலேசியாவின் கேமரன் மலை நெல் விளையும் மண் அல்ல. 1929இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது முதல் இங்கே கொழுந்து கிள்ளியவர்களின் சோறு சமவெளியிலிருந்தும் கடல் கடந்தும் வந்திருக்கிறது. தானியச் சாகுபடியின் பசுங்குடில் வாயுக்களைப் பிராந்தியவாரியாக ஒப்பிடும்போது இம்மலையை விட்டுவிடலாம் என்றே தோன்றும். விட்டுவிட்டால் ஒப்பீட்டின் குறையும் கண்ணில் படாமல் போகும் என்பது என் வாதம்.

முதலில் நெல். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் உமிழ்வுக் கணக்கு வழிகாட்டிக்கான 2019ஆம் ஆண்டுத் திருத்தம், நீர் வடியாத வயலில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்குத் தென்கிழக்கு ஆசியாவில் 1.22 கிலோ மீத்தேனும் தெற்காசியாவில் 0.85 கிலோவும் வெளியேறுவதாகக் கொள்கிறது. பயிர்க்காலம் முறையே 102, 112 நாள். மீத்தேனின் வெப்பமூட்டும் திறனை 27 என்று வைத்துப் பெருக்கினால், ஒரு போகத்துக்குக் மலேசியாவின் கெடா மாநிலத்து முடா வயலில் சுமார் 3,360 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர், தஞ்சையில் 2,570.

தஞ்சை விவசாயி மகிழ அவசரப்பட வேண்டாம். 112 நாள் என்பது குறுவைக்குத்தான் பொருந்தும். 150 நாள் நிற்கும் சம்பாவுக்கு அதே நாள்வீதத்தைப் போட்டால் 3,440 ஆகிறது; கெடாவையே தாண்டிவிடுகிறது. பிராந்தியங்களுக்கிடையே தெரிந்த வேறுபாட்டை ஒரே டெல்டாவின் இரு பட்டங்கள் விழுங்கிவிடுகின்றன. மறுபக்கம், முடாவில் ஆண்டுக்கு இரு போகம். போகக் கணக்கா, ஆண்டுக் கணக்கா என்று சொல்லாத ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

நீர் மேலாண்மையின் விளைவு இதைவிடப் பெரிது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் அதே திருத்தத்தின்படி மீத்தேன் 0.55 மடங்காகிறது, குறுவையில் ஏறத்தாழ 1,160 கிலோ மிச்சம். மண் காய்வதால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் 100 கிலோ தழைச்சத்துக்கு அந்தக் கூடுதல் சுமார் 86 கிலோ கரியமில வாயு நிகர்தான்.

தேயிலையில் நிலைமை தலைகீழ்: மீத்தேன் பொருட்டல்ல, உரமே வாயுவின் ஊற்று. ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 300 கிலோ தழைச்சத்து இட்டதாகக் கொள்வோம். அதில் ஈரப்பகுதிக்குரிய 1.6 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறினால் சுமார் 2,060 கிலோ கரியமில வாயு நிகர் வரும். தேயிலையின் அமில மண்ணில் இது இன்னும் உயரலாம். ஹெக்டேர்க் கணக்கில் தேயிலைச் சரிவின் ஓராண்டும் குறுவை வயலின் ஒரு போகமும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள்.

அலகை மாற்றினால் உறவு முறிகிறது. ஹெக்டேருக்கு 2,000 கிலோ தேயிலைத்தூளும் 5,000 கிலோ நெல்லும் விளைந்தால், 2 கிராம் தூள் போட்ட ஒரு கோப்பைக்கு 2 கிராம். உமியும் தவிடும் நீக்கி எடுத்த 100 கிராம் அரிசிக்கு 77 கிராம். (ஆலை எரிபொருள் இதில் சேரவில்லை.) இதை வைத்துத் தேயிலை தூயது என்பவரிடம், பசிக்குத் தேநீர் போதுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி அரிசி விலை ஏறியது. தொலைவிலுள்ள வயலோடு இம்மலையின் அடுப்பங்கரை எவ்வளவு நெருக்கமானது என்பதை விலைச்சீட்டு காட்டியது. உமிழ்வுப் பதிவேடோ அந்த மீத்தேனை விளைந்த நாட்டின் பெயரிலேயே எழுதுகிறது. தேயிலைப் பொட்டலத்துக்கான கரிமக் கணக்கில் உழைப்பவரின் உணவைச் சேர்க்காமலிருப்பது வழமை. ஒரு பொருளுக்கு அது சரிதான். பிராந்தியங்களை ஒப்பிடும்போது அதே எல்லையைக் கடன் வாங்கினால், நெல்லே விளையாத மலை, சோறே உண்ணாத மலையாகப் பதிவாகிவிடும்.