காந்தியத்தின் பாலர் பாடசாலை ரீச்சர்மார்

எமது பகுதியின் தொண்டுப் பணிகள் பற்றி நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி சங்கத்தினர் கேட்டபோது, குளக்கட்டுச் சிரமதானமும் மரண உதவிச் சங்கமும்தான் முதலில் நினைவுக்கு வந்தன. ஆனால் வன்னியில் தொண்டு என்று பேசத் தொடங்கினால் காந்தியத்தைத் தாண்டிப் போக முடியாது. எங்களுக்குப் பின் படித்த தங்கைமார் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது.

1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் நிலவிய பட்டினியும், பின்னர் 1977 ஆகஸ்ட் கலவரமும் மலையகக் குடும்பங்களை வன்னிக்குத் துரத்தின. வந்தவர்களுக்கு உறுதியுள்ள காணி இல்லை, கிணறு இல்லை, மலேரியா இருந்தது. அவர்களுக்காக வவுனியாவில் காந்தியத்தைக் கட்டியெழுப்பியவர்கள் இருவர். ஒருவர் கரம்பனில் பிறந்து மெல்பேணில் கட்டடக்கலை கற்ற எஸ். ஏ. டேவிட் ஐயா. மற்றவர் வைத்தியர் இராஜசுந்தரம். குடியேற்றம், கூட்டுப் பண்ணை, நடமாடும் மருத்துவ சேவை எனப் பணி விரிந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து கென்ற் பாம், டொலர் பாம் பண்ணைகளிலும் குடும்பங்கள் குடியமர்ந்தன.

வைத்தியரான என்னை அதிகம் கவர்வது மருத்துவ வண்டி அல்ல, பாலர் பாடசாலைகள். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து ரீச்சர்மாராக அனுப்பினார்கள். மருந்தோடு வருகிறவர் அன்றே திரும்பிவிடுவார். ரீச்சர் நாள்தோறும் அங்கே இருப்பார்; எந்தப் பிள்ளை மெலிகிறது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் ஐயா மட்டக்களப்புச் சிறையிலிருந்து வெளியேறி நீண்டகாலம் இந்தியாவில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். 1984இல் அந்தப் பண்ணைகளிலிருந்தும் மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் வகுப்பிலும் அப்படி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை நாங்கள் வேறொரு பெயரால் கூப்பிட்டோம். அது எந்தப் பெயர் என்று என் வயதுக்காரிகளுக்குத் தெரியும். 1996இல் கிளிநொச்சிச் சனம் துணுக்காய், மல்லாவிப் பக்கம் வந்து குவிந்தபோது, எங்கள் வீட்டு முற்றத்தில் கிடுகு மேய்ந்து கொட்டில் போடவும் கிணறு இறைக்கவும் வந்தவர்களில் அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் இருந்தார்கள். நான் அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கடந்த ஆண்டு என் கிளினிக்குக்கு நீரிழிவுக்காக வந்த ஓர் அம்மா, பேச்சுவாக்கில், வவுனியாவில் பயிற்சி பெற்றுக் காட்டோரக் கிராமமொன்றில் மரத்தடியில் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 19. இன்றும் எங்கள் பகுதிப் பாலர் பாடசாலைகள் சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்யும் பெண்களால்தான் நடக்கின்றன. நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவுதான் கட்டவேண்டுமா, அந்த ரீச்சர்மாருக்கு ஒரு பங்கு ஒதுக்கலாமா என்று வெளிநாட்டுக் கிளைகளிலுள்ள தோழிகள் யோசிக்கவேண்டும்.

இந்தக் கட்டுரையில் அவருடைய பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் டொக்டர் பிள்ளை. என்னோட நாலு பேர் வந்தவை. அவையின்ர பேர் இப்ப ஞாபகம் வருகுதில்லை. அவையை விட்டிட்டு என்னை மட்டும் போடுறது சரியில்லை."