வண்டலூர் வட்டார மோட்டார் வாகனத் தொழிலும் உலகப் பொருளாதார அதிகார மாற்றமும்

மேற்கத்திய நாடுகளுக்கும் வளரும் பொருளாதாரங்களுக்கும் இடையிலான அதிகார மாற்றம் சென்னையின் தென்புறநகரில் மோட்டார் வாகனத் தொழிலின் வழியே தெளிவாகத் தெரிகிறது. வண்டலூர், மறைமலைநகர், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலுள்ள ஒரகடம் ஆகியவை இத்தொழிலின் முக்கிய இடங்கள்.

1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வண்டலூரில் கார்களைத் தயாரித்தது. வேன்கார்டு, ஹெரால்டு போன்றவை பிரிட்டிஷ் வடிவமைப்புகளே. 1985இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 அக்காலத்து உறவின் தன்மையைக் காட்டுகிறது. அதன் உடல், பிரிட்டனில் 1976இல் அறிமுகமான ரோவர் காருடையது. எஞ்சினோ அதைவிடப் பழைய வேன்கார்டின் வழிவந்தது. மேற்கு பயன்படுத்தி முடித்ததே இங்கு புதிதாக விற்பனைக்கு வந்தது. கார் விலைபோகவில்லை, 1988இல் உற்பத்தி நின்றது.

1991இன் தாராளமயத்துக்குப் பின் மேற்கத்திய முதலீடு நேரடியாக வந்தது. 1995இல் மகிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குத் திரும்பிய அமெரிக்க ஃபோர்டு, மறைமலைநகரில் ஆலை அமைத்தது. இங்கு தயாரான ஈக்கோஸ்போர்ட் பின்னர் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. இந்த ஏற்றுமதியை அதிகார மாற்றத்தின் உண்மையான தொடக்கமாகக் கொள்ளலாம்: வளரும் நாடு சந்தையாக மட்டும் இல்லாமல் உற்பத்திக் களமாகவும் ஆனது. ஆயினும் முடிவெடுக்கும் இடம் மாறவில்லை. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் எனக் கூறி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகரில் கடைசிக் கார் 2022இல் வெளிவந்தது. அதற்கு முன் கூடுதல் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தொலைதூரத் தலைமையகத்தின் கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே.

எதிர்த்திசை நகர்வும் இதே காலத்தில் நிகழ்ந்தது. 2008இல் டாட்டா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவரை ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது. ரோவர் என்ற பெயரும் அதனுடன் வந்தது. வண்டலூர் ஒருகாலத்தில் உரிமம் பெற்றுத் தயாரித்த காரின் பெயர் இவ்வாறு இந்திய நிறுவனத்தின் உடைமையானது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வாகனங்களைத் தயாரிக்கும் டாட்டா ஆலைக்கு ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. குஜராத்தின் சாணந்திலிருந்த ஃபோர்டு ஆலையையும் டாட்டாவே வாங்கியது.

இம்மாற்றம் எல்லா ஆலைகளிலும் ஒரேபோல் நடக்கவில்லை. ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்ட ரெனோ–நிசான் ஆலையில் நிசான் வைத்திருந்த 51 சதவீதப் பங்கை 2025இல் ரெனோ வாங்கியது. உரிமை ஜப்பானிடமிருந்து பிரான்சுக்கு, அதாவது வளர்ந்த நாடுகளின் குழுவான ஜி7க்குள்ளேயே கைமாறியது.

உலக அளவிலும் மாற்றம் ஒரேபோல் இல்லை. 2009இல் முதல் உச்சிமாநாட்டை நடத்திய, வளரும் பொருளாதாரங்களின் அணியான பிரிக்ஸ், வாங்கும் திறன் அடிப்படையிலான உற்பத்தி மதிப்பில் ஜி7 நாடுகளை முந்தியுள்ளது. ஆனால் டாலரின் ஆதிக்கம், காப்புரிமைகள், பெரிய நுகர்வோர் சந்தைகள் ஆகியவை பெரும்பாலும் மேற்கிடமே உள்ளன. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது இந்த வலிமையால்தான். ஆயினும் அதே ஆண்டு அக்டோபரில், மறைமலைநகர் ஆலையில் எஞ்சின் உற்பத்தி தொடங்குவதற்குத் தமிழ்நாடு அரசுடன் ஃபோர்டு ரூ. 3,250 கோடி மதிப்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது.