தாய் தலைமையேற்ற குடும்பம்: தாயின் பார்வையும் பிள்ளையின் பார்வையும்

2009 மே மாதம் யுத்தம் முடிவடைந்த பின்னர், வடக்கு, கிழக்கில் நாளாந்தம் கேட்கும் சொல்லாக மாறியது 'பெண் தலைமைத்துவக் குடும்பம்'. இது ஒரே வகையான குடும்பத்தைக் குறிக்கும் சொல் அன்று. கணவரை யுத்தத்தில் இழந்தவர், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், கைவிடப்பட்டவர், விவாகரத்துப் பெற்றவர், திருமணமாகாமல் தாயானவர் என அனைவரும் இதற்குள் அடங்குகின்றனர். இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்துக்குப் பெண்ணே தலைவி.

தாய் காணும் குடும்பம்

தாய்க்குக் குடும்பம் என்பது இருந்த ஒன்றின் மீதி. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண் தன்னை விதவை என்று ஏற்பதில்லை. ஊரோ அவரைச் சுமங்கலியாகவும் நடத்துவதில்லை. முடிவு தெரியாத இத்தகைய இழப்பை 'தெளிவற்ற இழப்பு' என அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் விளக்கினார். உடலால் இல்லாதவர் மனதால் வீட்டிலேயே இருக்கிறார்; அதனால் துக்கம் முடிவதில்லை.

சட்டமும் இதனைச் சிக்கலாக்கியது. மரணச் சான்றிதழ் பெறுவது கணவரின் மரணத்தைத் தானே ஒப்புக்கொள்வதாகும் எனப் பலர் மறுத்தனர். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழுக்கு வழி செய்தது. மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே சமூக நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் சொத்து அலுவல்களைக் கவனிக்கவும் இது உதவுகிறது. எனினும் தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் மனைவி, தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் இல்லாதவிடத்து நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டும்.

பிள்ளை காணும் குடும்பம்

2009இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று வளர்ந்துவிட்டனர். அவர்களுக்கு அப்பா என்பவர் சுவரில் உள்ள படம். அம்மா, அம்மம்மா, மாமா, சகோதரர்கள் என வீட்டில் இருப்பவர்களே அவர்களுக்கு முழுக் குடும்பம். தாய் குறையாகக் காணும் வீட்டைப் பிள்ளை குறையாகக் காண்பதில்லை. அந்தக் குறையைப் பெரும்பாலும் வெளியுலகமே கற்றுக்கொடுக்கிறது: தந்தையின் தொழிலைக் கேட்கும் பாடசாலைப் படிவம், மங்கல நிகழ்வில் அம்மா பின்வரிசையில் ஒதுங்கி நிற்பது, தாமதமாக வீடு திரும்பும் அம்மாவைப் பற்றி அயலவர் பேசுவது.

மூத்த பிள்ளை காலத்துக்கு முந்தியே பெரியவராவதும் உண்டு. நுண்கடன் தவணைக்கு ஆள் வரும் நாளையும் அம்மா அழுத இரவையும் அறிந்த பிள்ளை, தன் தேவைகளைச் சொல்லாமல் விழுங்கப் பழகுகிறது. அதனை 'பொறுப்பான பிள்ளை' என்று மட்டும் பாராட்டிவிட்டுக் கடந்துவிடக் கூடாது.

இரண்டு பார்வைகளும் சந்திக்கும் இடம்

பிள்ளையைக் காப்பதற்காக 'அப்பா வெளிநாட்டில்' என்று சொல்லும் வீடுகள் உள்ளன. உண்மை பிறர் வாயால் தெரியவரும்போது, பிள்ளை தந்தையோடு தாய் மீதான நம்பிக்கையையும் இழக்கிறது. தெரிந்ததையும் தெரியாததையும் வயதுக்கேற்பத் தாயே சொல்வது மேல்.

கணவர் உயிருடன் இருந்தும் கைவிட்டிருந்தால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இவ்வுரிமை உண்டு. இது தந்தையிடம் கேட்கும் தயவு அல்ல, பிள்ளையின் உரிமை.