விரல்வழிக் கல்வி: சென்னையில் மணற்பரப்பு முதல் மாண்டிசோரி வரை

சென்னையில் சிறுகுழந்தைகள் தொட்டும் தடவியும் அளைந்தும் கற்ற முறைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச்சான்று உண்டு. இன்று வண்ண மணலும் அரிசித் தட்டும் பிசைமாவும் ‘சென்சரி ப்ளே’ என்ற பெயரில் இளம்பெற்றோருக்கு அறிமுகமாகின்றன. மேற்கிலிருந்து அண்மையில் வந்தவை என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதன் ஓர் இழை இந்நகரிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. இன்னோர் இழை ரோமிலிருந்து அடையாறுக்கு வந்தது.

திண்ணைப் பள்ளியின் மணல்

திண்ணைப் பள்ளிகளில் குழந்தை முதலில் எழுதியது ஓலையில் அன்று, தரையில் பரப்பிய மணலில். ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ எழுதிய எழுத்தின் தடத்தில் குழந்தை விரலை ஓட்டும், அதே வேளையில் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். விரல், கண், வாய், செவி நான்கும் ஒரே எழுத்தில் ஈடுபடும். பிழையானால் உள்ளங்கையால் அழித்துவிடலாம். ஓலை அப்படியல்ல, எழுத்தாணி கீறியது கீறியதுதான். கை பழகும் வரை மணலில் நிறுத்தி வைத்ததற்கு இது போதுமான காரணம். 1623-ல் கர்நாடகத்தின் இக்கேரி வழியாகச் சென்ற இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, கோயில் முகப்பில் சிறுவர்கள் மணலில் எழுதிக் கணக்குப் படித்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

சென்னைச் சான்று ஆண்ட்ரூ பெல்லுடையது. 1789-ல் எழும்பூரில் ராணுவ ஆண் அநாதையர் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் அவர். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, ஆங்கில எழுத்துகளையும் அப்படியே கற்பிக்கும்படி தம் உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் இசையவில்லை. சிப்பாய் ஒருவரின் மகனான எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். வேலை நடந்தது. 1797-ல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பதைத்தான் வரலாற்று நூல்கள் இதில் பெரிதாகப் பேசுகின்றன. கூடவே பயணம் செய்த மணற்பெட்டியைப் பற்றிய பேச்சு குறைவு.

இங்கே பின்னர் சிலேட்டும் தாளும் வந்தன. மணல் ஏழைப் பள்ளியின் அடையாளமாகி மெல்ல மறைந்தது.

மயிலாப்பூரும் அடையாறும்

ஃப்ரோபெலின் கிண்டர்கார்டன் கருத்து இங்கு வேரூன்றியதற்கு மயிலாப்பூர் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளி ஓர் எடுத்துக்காட்டு. வி.என். சர்மாவும் ஜெர்மானியரான அவர் மனைவி எல்லன் சர்மாவும் 1937-ல் அதைத் தொடங்கினர். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்ற பெயரே அந்த ஜெர்மன் சொல்லின் மொழிபெயர்ப்பு.

இரண்டு ஆண்டுகள் கழித்து மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். சுமார் 300 பேர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்கள் தங்குவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரிநாட்டவர் ஆயினர். மரியோ அகமதுநகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார், தாய் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றாயிற்று. அவருடைய எழுபதாம் பிறந்தநாளான ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி அரசு மரியோவை விடுவித்தது. போர் முடியும்வரை இருவரும் இந்தியாவிலேயே தங்கிப் பயிற்சி அளித்தனர். 1949-ல் வெளியான ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ நூலின் முதல் பதிப்பு அடையாறில் அச்சானது.

அவருடைய கருவிகள் புலன்களைத் தனித்தனியே பழக்குபவை. ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்களால் ஆன இளஞ்சிவப்புக் கோபுரம், தன் குழியில் மட்டுமே பொருந்தும் உருளைகள், குலுக்கி ஒலி கேட்டு இணைசேர்க்கும் பெட்டிகள். தவறைக் கருவியே காட்டிவிடும், ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. எழுத்துக்கு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய வடிவங்கள். குழந்தை இரு விரல்களால் சொரசொரப்பைத் தடவியபடி அதன் ஒலியைச் சொல்லும். திண்ணைப் பள்ளிப் பிள்ளை செய்ததும் ஏறத்தாழ இதுவே. ஆனால் மாண்டிசோரி இந்த மரபிலிருந்து பெற்றார் என்று பெருமை கொள்ள இடமில்லை. இதார், செகன் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகச் செய்தவற்றிலிருந்து அவர் உருவாக்கியவை இவை.

1907-ல் ரோமின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் பிறந்த முறை, சென்னையில் பெரும்பாலும் கட்டணம் கட்ட இயன்றவர்களின் பள்ளிகளில் தங்கிவிட்டது. துல்லியமாகச் செதுக்கிய மரக்கருவிகளின் விலை இதற்கு ஒரு காரணம்.

மாநகராட்சிப் பள்ளிகளில்

இந்த இடைவெளியைக் குறைத்த முயற்சி 2003-ல் தொடங்கியது. மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டைகளும் ஏணிமுறையும் இதற்கு முன்மாதிரி. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர், கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. 2007-08-ல் இது மாநிலம் முழுதும் விரிந்தது. விரிந்த வேகத்தில் அட்டைகளை நிரப்புவதே பாடமாகிவிட்டது என்ற குறை ஆசிரியர்களிடம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல், பொம்மலாட்டத்தோடு இவ்வழியைத் தொடர்கிறது.

வீடுகளில்

விலைகொடுத்து வாங்கும் கருவிக்கு இணையானவை வீட்டில் முன்பே இருந்தன. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போடும் பிள்ளை கையால் எண்ணுகிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கோலமாவைக் கசியவிடப் பழகியவருக்குப் பென்சில் பிடி எளிது. பொருள்கள் நிறைந்த வேளை நவராத்திரி. மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் பெரியவர்கள் பொம்மை பேரம் பேசுவார்கள். வீட்டில் படிகளின் கீழே பிள்ளைகள் ‘பார்க்’ கட்டுவார்கள். மணலைக் குவித்து மலை, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், கேழ்வரகோ கடுகோ தூவி நாள்தோறும் நீர் தெளித்து வளர்த்த புல்வெளி. இதை யாரும் கல்வி என்று அழைத்ததில்லை. அதனாலேயே அடுக்ககங்களில் இடமும் நேரமும் சுருங்கியபோது இது முதலில் கைவிடப்பட்டது.

பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கும் வழக்கம் மட்டும் விஜயதசமிதோறும் தவறாமல் நடக்கிறது. மறுநாள் கோடுபோட்ட நோட்டும் பென்சிலும் வந்துவிடும்.