இலவசமா ஒரு குதிரை வந்தா உஷார்! - செஸ் கம்ப்யூட்டர் கோட்டைவிட்ட 'ராஜா' கணக்கு

ராத்திரி சாப்பிட்டு முடித்து, மொபைலில் 3 நிமிட செஸ் ஆடுகிறீர்கள். எதிராளி உங்கள் ராஜாவைச் சுற்றிக் காய்களைக் குவிக்கிறார். திணறித் திணறி, கடைசியில் செக்மேட். ஆட்டம் முடிந்ததும் 'அனலிசிஸ்' பட்டனைத் தட்டினால், கம்ப்யூட்டர் கூலாகச் சொல்கிறது, '4 நகர்த்தலுக்கு முன்புவரை ஆட்டம் சமநிலை. மதிப்பு 0.0.'

'என்னது, சமமா? எனக்கு மூச்சே முட்டுச்சே!' என்று தோன்றுகிறதா? உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ராஜாவின் பாதுகாப்பு விஷயத்தில் கம்ப்யூட்டரின் கணக்கும் மனிதர்களின் கணக்கும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. ஒருகாலத்தில் அதனால் அடி வாங்கியது கம்ப்யூட்டர். இப்போது அடி வாங்குவது நாம்!

மார்க் போடும் மெஷின்

செஸ் புரோகிராம் செய்வது இரண்டே வேலைதான். 'நான் இப்படி ஆடினால், நீ எப்படி ஆடுவாய்' என்று முன்னோக்கித் தேடுவது ஒன்று. தேடல் நிற்கும் இடத்தில், அந்த நிலைக்கு மார்க் போடுவது இன்னொன்று. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பது அடிப்படைக் கணக்கு.

ராஜாவுக்கு விலையே கிடையாது. அவர் போனால் ஆட்டமே போச்சு. அதனால் 'ராஜா பத்திரமா இருக்காரா?' என்பதற்குப் பழைய புரோகிராம்கள் தனியாக மார்க் போட்டன. கேஸ்லிங் ஆச்சா, முன்னால் 3 சிப்பாய்கள் காவலுக்கு நிற்கின்றனவா, பக்கத்தில் வரிசை ஏதும் திறந்திருக்கிறதா, எதிரியின் காய்கள் எத்தனை நெருங்கிவிட்டன... இப்படி ஒரு பட்டியல்.

சிக்கல் என்னவென்றால், சாதாரணமாக ஒரு நிலையில் 30, 35 நகர்த்தல்கள் சாத்தியம். ஆளுக்கு ஒரு நகர்த்தல் என்றாலே ஆயிரம் வாய்ப்புகள் வந்துவிடும். எனவே, தேடலை எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த எல்லைக்கு ஒரு அடி தள்ளி செக்மேட் காத்திருந்தாலும் புரோகிராமுக்குத் தெரியாது. இதற்கு 'தொடுவான விளைவு' என்று பெயர் வைத்தவர் ஹான்ஸ் பெர்லினர். கம்ப்யூட்டர் விஞ்ஞானியான இவர், தபால்வழி செஸ்ஸில் உலக சாம்பியனாகவும் இருந்தவர்.

ட்ரோஜன் குதிரை வந்த கதை

1990-களில் 'இன்டர்நெட் செஸ் கிளப்' போன்ற தளங்களில் மனிதர்களும் புரோகிராம்களும் மோத ஆரம்பித்தார்கள. மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் கறுப்புக் காய் என்று வைத்துக்கொள்வோம். கேஸ்லிங் செய்து, ராஜா ஓரமாகப் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கேஸ்லிங் செய்யாமல், யானையை மூலையிலேயே விட்டு, அதன் முன்னால் இருக்கும் ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறீர்கள். பிறகு, உங்கள் குதிரையைக் கொண்டுபோய் கறுப்புச் சிப்பாயின் வாயிலேயே வைக்கிறீர்கள். 'குதிரை 3 மார்க். பதிலுக்கு ஒரு சிப்பாய்தான் போகும். நிகர லாபம் 2' என்று கம்ப்யூட்டர் வெட்டிவிடும்.

நீங்கள் ஓரச் சிப்பாயால் பதிலுக்கு வெட்டுகிறீர்கள். ஓர வரிசை மொத்தமும் திறந்துவிட்டது. மூலையில் தூங்கிய யானை இப்போது நேராக ராஜாவின் வாசலைப் பார்க்கிறது. வெட்டிய சிப்பாய், காவலுக்கு நிற்கும் கறுப்புக் குதிரையையும் விரட்டுகிறது. அடுத்து ராணி வந்து சேர்ந்தால் முடிந்தது கதை.

இது ஏன் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை? யானையும் ராணியும் இன்னும் தூரத்தில் இருந்ததால், 'ராஜாவை நெருங்கிய காய்கள்' பட்டியலில் அவை வரவில்லை. ராணி வந்து சேர்வதோ தேடல் எல்லையைத் தாண்டி நடந்தது. லாபம் மட்டும் உடனே தெரிந்தது!

இந்தப் பொறிக்கே 'ட்ரோஜன் குதிரை' என்று பெயர். ஒருமுறை வேலை செய்தால், மறுநாளும் அதே புரோகிராம் அதே பொறியில் விழ வாய்ப்பு உண்டு. 'கிராஃப்டி' புரோகிராமை எழுதிய ராபர்ட் ஹையாட் போன்றவர்கள், இப்படி ஆன்லைனில் அடி வாங்கி வாங்கியே ராஜா பாதுகாப்புக் கணக்கைத் திருத்தினார்கள்.

மெஷின் கற்றுக்கொண்டது

2003-ல் நியூயார்க்கில் காஸ்பரோவுக்கு எதிராக 'டீப் ஜூனியர்' ஒரு பிஷப்பைத் தியாகம் செய்து, அவர் ராஜாவின் கோட்டையை உடைத்தது. அந்த ஆட்டம் டிரா. 2017-ல் வந்த 'ஆல்ஃபாஸீரோ' மனிதர்கள் எழுதிய மார்க் பட்டியலே இல்லாமல், தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டது. ஓரச் சிப்பாயைத் தள்ளி ராஜாவை நெருக்குவது அதன் ஸ்டைலாகவே ஆனது. 2020-ல் 'ஸ்டாக்ஃபிஷ்' புரோகிராமும் மார்க் போட நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது. பழைய குதிரை வித்தையெல்லாம் இனி அதனிடம் செல்லாது.

இப்போது பிரச்னை உங்களுக்கு!

கம்ப்யூட்டர் '0.0' என்று சொல்வதற்கு, 'இரண்டு பக்கமும் மிகச் சரியாக ஆடினால் சமம்' என்றுதான் அர்த்தம். அந்த ராஜாவைக் காப்பாற்ற தொடர்ந்து 5 முறை, ஒரே ஒரு சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கலாம். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க உங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் கண்டுபிடிக்க 32-ல் ஒரு வாய்ப்புதான்! ஆனால், திரையில் அதே '0.0'.

நாம் மட்டுமா திணறுகிறோம்? 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில், உலக சாம்பியன் கிராம்னிக் 'டீப் ஃபிரிட்ஸ்' புரோகிராமுடன் ஆடும்போது, அடுத்த நகர்த்தலிலேயே வரவிருந்த செக்மேட்டைக் கவனிக்காமல் தோற்றார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

* அனலிசிஸில் ஒரே நகர்த்தலைப் பார்க்காமல், முதல் 3 நகர்த்தல்களையும் காட்டச் சொல்லுங்கள். முதலாவது 0.0, இரண்டாவது மைனஸ் 6 என்றால், நீங்கள் கயிற்றில் நடக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்றுமே 0.0 பக்கம் இருந்தால் நிம்மதி.

* ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு காய் இலவசமாக வந்தால், வெட்டும் முன் 3 கேள்விகள்: எந்த வரிசை திறக்கும்? என் காவல் குதிரை விரட்டப்படுமா? எதிரியின் ராணி எத்தனை நகர்த்தலில் வந்து சேரும்?

* ராஜாவைத் தாக்க வரும் காய்களை எண்ணுங்கள். காக்கும் காய்களையும் எண்ணுங்கள். தாக்குபவை அதிகம் என்றால், ராணியையாவது மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

* குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? 'கம்ப்யூட்டர் சமம்னு சொல்லுதே, நீ ஏன் தோத்த?' என்று கேட்காதீர்கள். 'எந்த இடத்துல பயமா இருந்துச்சு?' என்று கேளுங்கள். கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

இன்று ராத்திரி ஆடும்போது யாராவது ஒரு குதிரையைச் சும்மா நீட்டினால், உடனே விரலை வைத்துவிடாதீர்கள். முதலில், மூலையில் அந்த யானை இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள்!